எறும்பு ஏறிய பாட்டில்கள்

பிப்ரவரி 24

கடவுள் துணை

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு அண்ணி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், பதினோரு மாடுகள், எல்லோரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர, பத்து மாடுதான் சௌக்கியம். மிச்சம் ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால், உன் இருமல் விட்டதா, ராத்திரி டீயைக் குடித்துவிட்டு அதையே சாப்பாடு என்று சொல்லிக்கொள்வதை நிறுத்தினாயா, இரண்டுக்கும் பதில் வேண்டும்.

போனில் கேட்கலாம்தான். ஆனால் நீ உன் ஆராய்ச்சிக் கொட்டகையில் நின்றுகொண்டு "ம், ம்" என்கிறாய். போனை வைத்த பிறகு நீ என்ன சொன்னாய் என்று எனக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கடிதமென்றால் மாட்டு நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வேன்.

ஊமைச்சியை உனக்குத் தெரியும். கன்று போடும்போதுகூட வாயைத் திறக்காதவள். ஜனவரி ஒன்பதாம் தேதி கிடாரிக் கன்று போட்டாள். நஞ்சுக்கொடி மூன்று நாளாக விழவில்லை. காய்ச்சல் வந்தது. நம் நீளக்கை டாக்டர் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். (தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மாட்டுக்குள் கைவிடுவதால் நீளக்கை. கை நீளம் என்று சொன்னால் திருடன் என்றாகிவிடும் என்று உன் அண்ணன் திருத்திய பெயர்.) காய்ச்சல் போய்விட்டது. ஊசி போட்ட நாளும், அதற்குப் பிறகு அவர் குறித்துக் கொடுத்த நாளும் அவள் பாலைக் கேனில் சேர்க்கக்கூடாது. ஒரு வீட்டுப் பாலில் மருந்து கலந்திருந்தாலும் வண்டிப் பால் மொத்தமும் வீண். வேளாவேளைக்குக் கறந்து குழியில் கொட்டினேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் கொட்டினேன்.

இப்போது காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறாள், அசை போடுகிறாள். ஆனால் படுத்து எழுந்தால் அந்த இடத்தில் சீழ். கர்ப்பப்பையில் புண் ஆறவில்லை என்கிறார் டாக்டர். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "அஞ்சு மருந்துல மூணுக்கு இந்தக் கிருமி அசைஞ்சே கொடுக்கலைம்மா. இருக்கிற ரெண்டையும் இப்பவே செலவழிக்க வேணாம்னு பார்க்கறேன்" என்றார்.

உன் அண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "ஆகஸ்ட் முடியறதுக்குள்ள சினை நிக்கலைன்னா வியாபாரியைக் கூப்பிட்டுடுவேன். பிரார்த்தனைக்காக எல்லாம் மாடு வளர்க்க முடியாது." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாட்டு நோட்டில் தேதி, காய்ச்சல் அளவு, தீனி, பால், கழிவின் நிறம், வாசம் எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்துக்கு 'எதனால்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பால் குறைந்தால் எதனால், கால் நொண்டினால் எதனால். ஒன்றும் புரியாவிட்டால் 'கடவுள் சித்தம்' என்று எழுதிவிடுவேன். கட்டம் காலியாக இருந்தால் எனக்கு மனசு ஆறாது. ஊமைச்சிக்கு இந்த மாதம் முழுக்கக் கடவுள் சித்தமாகவே இருக்கிறது. அவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

கேட்க வந்தது இதுதான். ஆன்டிபயாடிக் இல்லாமல் அந்தப் புண்ணை ஆற்ற வேறு வழியே கிடையாதா? கையில் வெட்டுப்பட்டால் எல்லாவற்றுக்குமா ஊசி போடுகிறோம்?

உன் உடம்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் பக்கத்தில் இல்லை.

அன்புடன்
அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. டீ போகவில்லை. அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், அப்படியே ஊமைச்சி விஷயத்தில் அவர் வாயைக் கொஞ்சம் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியை எங்கள் அறைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். நாங்கள் இத்தனை பேர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்பதும் அதே கேள்விதான்.

கன்று போட்டதும் எல்லா மாட்டுக் கர்ப்பப்பையிலும் கிருமி நுழையும். பெரும்பாலான மாடுகள் தானாகவே சுத்தம் செய்துகொள்ளும். சிலதால் முடிவதில்லை. காய்ச்சலும் நாற்றமுமாக மாடு துவண்டு கிடந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஜனவரியில் உங்கள் டாக்டர் செய்தது சரி. ஆனால் காய்ச்சல் இல்லாமல் சீழ் மட்டும் வரும் ஊமைச்சி மாதிரி மாடுகளுக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் இப்போது ஒரு சோதனை நடத்துகிறோம். பத்துப் பண்ணைகள் சேர்ந்திருக்கின்றன. நீங்களும் சேருகிறீர்களா?

இரண்டு வகை பாட்டில் வரும். சிகப்பு மூடி, நீல மூடி. ஒன்றில் மருந்து, ஆன்டிபயாடிக் கிடையாது. இன்னொன்றில் சுத்தமான உப்புத் தண்ணீர் மட்டும். எது எதில் என்று எனக்கே தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர், அவர் எங்கள் கட்டடத்திலேயே இல்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒட்டிய கவர் ஒன்று இருக்கும். பிரித்தால் உள்ளே நிறம் எழுதிய சீட்டு. அந்த நிற பாட்டிலைத்தான் அந்த மாட்டுக்குக் கொடுக்க வேண்டும். டாக்டர் மெல்லிய குழாய் வைத்துக் கர்ப்பப்பைக்குள் விடுவார்.

ஏன் இவ்வளவு மூடுமந்திரம் என்றால், தெரிந்துவிட்டால் மனசு கண்ணை ஏமாற்றும். மருந்து போன மாட்டைப் பார்த்ததும் 'தேவலை போலிருக்கிறது' என்று கை தானாக எழுதிவிடும். என் கையும் எழுதும்.

காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே சோதனையை நிறுத்தி வழக்கமான வைத்தியம். இரண்டு வாரத்தில் தேறாவிட்டாலும் வேறு வைத்தியம். எந்த மாட்டையும் தவிக்க விடமாட்டோம்.

உங்கள் நோட்டுப் பக்கங்களை நகலெடுத்து அனுப்பினால் போதும். அப்படியொரு நோட்டு மற்றப் பண்ணை எதிலும் கிடையாது, பெருமைக்குச் சொல்லவில்லை.

என்றும் உங்கள்
வாலு நாத்தனார்

மார்ச் 21

கடவுள் துணை

அன்புள்ள வாலுக்கு அண்ணி எழுதுவது. நாங்கள் நலம். உன் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார், மற்றபடி குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை இரண்டு வரியாவது எழுது.

பெட்டி பத்திரமாக வந்தது. டாக்டர் எல்லா மாட்டையும் சோதித்துப் பார்த்ததில், சமீபத்தில் கன்று போட்ட இன்னும் மூன்று பேருக்கும் உள்ளே சீழ் இருக்கிறதாம், ஆக மொத்தம் நாலு மாடு. புதன்கிழமை முதல் இரண்டு மாடுகளுக்கு ஆயிற்று. மகாராணிக்குச் சிகப்பு, சோம்பேறிக்கு நீலம். ஊமைச்சிக்கும் கோணக்கொம்புக்கும் அடுத்த வாரம். அன்றைக்கு டாக்டருக்கு வேறு ஒரு பண்ணையில் கன்று மாட்டிக்கொண்டு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீ எழுதியபடி பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் இடது கையை மாட்டுக்குள் விட்டு, வலது கையைப் பின்னால் நீட்டி "பாட்டில்!" என்பார். நான் வைப்பேன். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி இருக்கீங்கம்மா" என்றார். "சம்பளம் மட்டும்தான் குறையுது" என்று உன் அண்ணன் தூணுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குலுக்கினேன். ஒரே மாதிரிதான். எது எதுவென்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் சொல்கிறேன். அடுப்பில் கொதிப்பதை மூடியைத் திறக்காமல் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிரு என்றால் எப்படி?

காலி பாட்டிலைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. குட்டைக் கழுத்தும் நல்ல கனமுமாக இருக்கிறது, கடுகு போட்டு வைக்க ஆகும். ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன்.

உனக்கும் உன் சோதனைக்கும் சேர்த்தே விளக்கேற்றுகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு எழுது.

மார்ச் 28 அன்று மிச்ச இரண்டு மாடுகளுக்கும் ஆயிற்று. நான்கு கவர்ச் சீட்டுகளும் இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த மாட்டுக்கு எந்த நிறம் வந்தது என்று அதிலேயே இருக்கிறது.

இரண்டாவது வாரப் பரிசோதனை நேற்று முடிந்தது. மகாராணி சுத்தம். சோம்பேறிக்குப் பாதி தேவலை. கோணக்கொம்பு கண்ணாடி போலத் தெளிவாகக் கோழை விடுகிறாள், சீழ் சுத்தமாக இல்லை. டாக்டரே இரண்டு தடவை பார்த்தார். ஊமைச்சிக்கு அப்படியே இருக்கிறது. காய்ச்சல் இல்லை. அடுத்த வைத்தியத்துக்குப் போகலாம் என்கிறார்.

உன் அண்ணன் நாள்காட்டியில் ஆகஸ்ட் தாளை மடித்து வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

வேறு விசேஷமில்லை. எறும்புத் தொல்லை அதிகமாகிவிட்டது. ஜன்னல் மேடையில் வைத்த பாட்டில்களில் ஏறுகிறது, அதிலும் எல்லாவற்றிலும் ஏறுவதில்லை. எதைப் போட்டால் போகும்?

அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம், சோறு பொங்கிச் சாப்பிட்டேன்.

சீட்டுகள் வந்தன. ஊமைச்சிக்கு நீலம், கோணக்கொம்புக்குச் சிகப்பு என்று குறித்துக்கொண்டேன். ஊமைச்சி தேறாதது எனக்கும் வருத்தம். உங்கள் டாக்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். சினைப்பையில் மஞ்சள் கட்டி இருந்தால் ஒரு ஹார்மோன் ஊசி போடலாம். அது கட்டியைக் கரைத்துப் பருவத்துக்குக் கொண்டுவரும், அப்போது கர்ப்பப்பை சுருங்கித் தன்னையே கழுவிக்கொள்ளும். அதுவும் ஆன்டிபயாடிக் இல்லை.

இனி எறும்பு. உங்கள் கடைசி நாலு வரியை ஐந்தாறு தடவை படித்தேன். எந்த நிற பாட்டிலில் எறும்பு ஏறுகிறது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பாட்டில்களை இன்றைக்கே கழுவிவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். எறும்பை நீங்கள் முதன்முதலில் பார்த்தது 28ஆம் தேதிக்கு முன்பா, பிறகா? ஒரு வார்த்தை போதும்.

நோட்டு நகல் வந்து சேரவில்லை.

அன்புடன்
நாத்தனார்

மே 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது, கோபிக்காதே. உன் அண்ணனுக்கு முதுகு சரியாகி இப்போது முழங்கால். எனக்கு ஒன்றுமில்லை. மழை பெய்து கொட்டகைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகி, ஓடு மாற்றினோம். ஊமைச்சியின் கன்று நன்றாக வளர்ந்திருக்கிறது. அம்மாவுக்கும் சேர்த்து அதுவே கத்துகிறது.

டாக்டர் மே 6 அன்று கைவிட்டுப் பார்த்து, நீ சொன்ன கட்டி இருக்கிறது என்று ஊசி போட்டார். மூன்றாம் நாள் பருவம் வரும் என்றார். வந்ததா என்பது யாருக்குத் தெரியும்? மற்ற மாடாக இருந்தால் கத்தும், தாவும், கொட்டகையையே இரண்டாக்கும். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவளுக்குப் பருவம் வந்தா, கடுதாசி போட்டுத்தான் சொல்லுவா" என்றார் டாக்டர். சீழ் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கோணக்கொம்புக்குச் சினை ஊசி போட்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம் கேட்கலாமா? பழத்தைக் கெடாமல் வைக்கச் சர்க்கரைப் பாகில் போடுகிறோம். கெடாமல் வைக்க உப்பிலும் போடுகிறோம். இரண்டும் கிருமியை அண்ட விடாது என்றால் ஒன்றை மட்டும் மருந்து என்றும், இன்னொன்றை வெறும் தண்ணீர் என்றும் எப்படிச் சொல்வது? சும்மா தோன்றியது.

நோட்டு நகல் இத்துடன் இருக்கிறது. பாட்டில்களைக் கழுவிவிட்டேன்.

அண்ணி

மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம்தானே. அண்ணனை முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். மனுஷ டாக்டரிடம்.

சர்க்கரை என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

நோட்டில் பதினாறாம் பக்கம் இருக்கிறது. அதற்கடுத்துப் பதினெட்டாம் பக்கம் இருக்கிறது.

நாத்தனார்

ஜூன் 16

கடவுள் துணை

அன்புள்ள வாலுக்கு அண்ணி எழுதுவது. உன் நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

மேலே சாமி பெயரை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். போன இரண்டு கடிதத்திலும் எழுதவில்லை. பேனாவை வைத்துப் பார்த்தேன், கை போகவில்லை. பதினேழாம் பக்கம் இத்துடன் இருக்கிறது. அதில் நடந்தது நடந்தபடி இருக்கிறது. நோட்டில் பொய் எழுதவில்லை, உன்னிடமும் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் மட்டும்தான் விட்டேன் என்று இரண்டு மாதம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். பிரார்த்தனையில் கண்ணை மூடினால் அந்த வாதம் எடுபடவில்லை.

எறும்பைப் பற்றிய உன் கேள்விக்குப் பதில், முன்பு.

மார்ச் 23 காலையில் ஜன்னல் மேடையில் பார்த்தேன். மகாராணிக்குக் கொடுத்த சிகப்பு மூடி பாட்டில் எறும்பு மொய்த்துக் கறுப்பாக இருந்தது. பக்கத்திலேயே சோம்பேறியின் நீல மூடி பாட்டில். அதில் ஒன்றுகூட இல்லை. ஒருவேளை சிகப்பு பாட்டில் இருந்த இடம்தான் எறும்பின் வழியோ என்று பாட்டில்களை இடம் மாற்றி வைத்தேன். அரைமணி நேரத்தில் எறும்பும் இடம் மாறிச் சிகப்புக்கே போயிற்று. துடைத்துவிட்டு இன்னொரு தடவை மாற்றினேன். மறுபடியும் சிகப்பு. சிகப்பில் இனிப்பு, நீலத்தில் உப்பு என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, சத்தியம்.

28ஆம் தேதி கவரைப் பிரித்தேன். ஊமைச்சிக்கு நீலம். கோணக்கொம்புக்குச் சிகப்பு.

டாக்டர் முதலில் ஊமைச்சியிடம் போனார். கையை விட்டார். வலது கையைப் பின்னால் நீட்டி "பாட்டில்!" என்றார். என் ஒரு கையில் சிகப்பு, இன்னொரு கையில் நீலம், இரண்டும் வெதுவெதுப்பாக. ஆகஸ்ட் என்ற ஒரு வார்த்தைதான் மனசில் இருந்தது. சிகப்பை வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மா, பாட்டில் சூடு சரியா இருக்கு" என்று பாராட்ட வேறு செய்தார். அப்புறம் கோணக்கொம்புக்கு நீலம் போயிற்று.

கோணக்கொம்புக்கு வாயிருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அவளுக்கு வர வேண்டியதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தேன். ஒரே கொட்டகையில் ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடிக்கிற இருவர். அப்படியிருந்தும் பார், உப்புத் தண்ணீர் போன அவள் இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டாள், இப்போது சினை. சர்க்கரை போன இவள் இன்னும் அப்படியே இருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்டனையா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டேன். "மாட்டுக்கு எதுக்குடி தண்டனை, அது என்ன பண்ணுச்சு?" என்றார். அதுவும் சரிதான்.

இதனால் உன் சோதனைக்கு என்ன ஆகும், உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எழுது. திட்டியும் எழுது.

அண்ணி

ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். ஆறு வாரமாக எழுதாததற்கு முதல் மூன்று வாரம் காரணம் கோபம். உங்கள் கடிதத்தைக் கண்ணில் படாமல் மேஜைக்குள் வைத்திருந்தேன். ஏப்ரல் கடிதத்திலேயே சாமி பெயர் இல்லாததைக் கவனித்தேன். அதைக் கேட்காமல் எறும்பை மட்டும் கேட்டது என் தப்பு.

நாலாவது வாரம் எடுத்துக்கொண்டு போய் என் பேராசிரியரிடம் கொடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் பாட்டிலை இடம் மாற்றி வைத்துப் பார்த்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"இவங்க என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டாவது சார்."

"அதோட நிறுத்தினாங்களே, நாம பிழைச்சோம்."

பிறகு மற்றப் பத்துப் பண்ணைக்கும் போன் செய்தோம். நாலு வீட்டில் காலி பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்று வீட்டில் எறும்பு. ஒருவர், "ஆமாம் டாக்டர், சிகப்பு நல்ல மருந்துதானே, எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுமே" என்றார். பாட்டிலை மாற்றிக் கொடுத்தது நீங்கள் ஒருவர்தான். ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தவர்கள் உங்களையும் சேர்த்து நாலு வீடு.

எந்த நிறத்தில் எது என்பதை மறைக்க ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு மாதம் பேசினோம் அண்ணி. பூட்டு, சாவி, கவர், சீட்டு. எறும்பைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. ஐந்து பேரில் ஒருவர்கூட வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர் இல்லை, என்னையும் சேர்த்து.

சோதனையை நிறுத்திவிட்டோம். மறுபடி முதலிலிருந்து. இந்த வருஷம் போனது போனதுதான். இன்னும் ஒரு வருஷம் இதே அறை, இதே ஆடுகிற நாற்காலி. என் வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். பதவி உயர்வுதான் தள்ளிப்போகிறது, அந்தப் பேச்சு வேண்டாம்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அது கெட்டியான சர்க்கரைக் கரைசல்தான். கிருமியிலிருந்து தண்ணீரை இழுக்கும் என்று எண்ணம், நீங்கள் பழத்தைப் பாகில் போடுவது போல. உப்பை மட்டும் ஏன் வெறும் தண்ணீர் என்கிறோம் என்று கேட்டீர்கள். கண்ணீரில் எவ்வளவு உப்போ அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கெடாமல் காக்க அது போதாது, கர்ப்பப்பைக்கு எரியவும் எரியாது.

அப்படியென்றால் கோணக்கொம்பு எதனால் தேறினாள்? தெரியாது. தானாகத் தேறியிருக்கலாம். ஊமைச்சி எதனால் தேறவில்லை? தெரியாது. சர்க்கரை பயனில்லை என்று அவளை வைத்துச் சொல்ல முடியாது, பயன் உண்டு என்று மகாராணியை வைத்தும் சொல்ல முடியாது. உங்கள் நாலு மாடும் இனி எந்தக் கணக்கிலும் இல்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல மனசு வராமல் நாளைக் கடத்தினேன். எவ்வளவு கவனமாக எழுதியிருந்தீர்கள், அந்தப் பதினேழாம் பக்கம் உட்பட.

ஊமைச்சியின் நிலைமை? ஆகஸ்ட் வந்துவிட்டது.

என்றும் உங்கள்
வாலு

ஆகஸ்ட் 14

கடவுள் துணை

அன்புள்ள வாலுக்கு அண்ணி ஆசையுடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம், இந்தத் தடவை திருத்த வேண்டியதில்லை. நீ திட்டாமல் எழுதியதுதான் உறைத்தது. கணக்கில் இல்லை என்ற வரியைப் படித்துவிட்டு நோட்டை மூடி ஒரு நாள் தொடவில்லை. உன் உயர்வைப் பற்றிப் பேசாதே என்றாய், பேசவில்லை. உனக்காகத் தினமும் கேட்கிறேன், அதை நீ தடுக்க முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜூன் 27 அன்று டாக்டர் இரண்டாவது ஹார்மோன் ஊசி போட்டார். 30ஆம் தேதி விடிகாலை நான் அடுக்களையில் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து ஒரு சத்தம். தகரத்தை இழுத்தது போல, பாதியில் உடைந்தது. கன்றுதான் என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது. உன் அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு ஓடி வந்தார்.

"யாரது கத்தறது?"

"நம்ம ஊமைச்சிங்க!"

"போடி, அவளுக்குக் குரல் ஏது?"

போய்ப் பார்த்தால் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வாலடியில் கண்ணாடி போல நீளமாக, தெளிவாக ஒழுகுகிறது. ஒரு சொட்டுச் சீழ் கிடையாது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்கே கத்தித் தீர்த்தாள். சாயங்காலம் டாக்டர் வந்து சினை ஊசி போட்டார். "கடுதாசி போடுவான்னு நினைச்சேன், நேர்லயே சொல்லிட்டா" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமில்லை. இருபத்தொன்றாம் நாளும் பருவம் வரவில்லை. ஆனால் அவள் விஷயத்தில் சத்தமில்லாததை நம்ப முடியுமா? நேற்றுத்தான் பரிசோதனை. அதற்கு முன்னால் டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டிலை மாற்றி அவர் கையில் வைத்தது உட்பட. உன் அண்ணனும் பக்கத்தில் நின்று கேட்டார். டாக்டர் பையிலிருந்து உறையை எடுத்தார். "இனிமே திரும்பிப் பார்த்துத்தாம்மா வாங்குவேன்" என்றார். அவ்வளவுதான். உறையை மாட்டினார்.

கையை விட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உன் அண்ணன் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். எனக்கு வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை. கேட்டு வாங்கும் யோக்கியதை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நிக்குது" என்றார் டாக்டர்.

உன் அண்ணன் உள்ளே போய் நாள்காட்டியில் ஆகஸ்ட் தாளின் மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "ஈ உட்கார்ந்துச்சு" என்றார்.

நீ மறுபடி தொடங்கும் சோதனைக்கு எங்களை ஒதுக்கிவிடாதே. அடுத்த மாதம் இரண்டு மாடு கன்று போடும். சீழ் வராமல் இருக்க வேண்டுகிறேன், வந்தால் எங்களையும் சேர்த்துக்கொள். பாட்டிலை வெளியே தெரியாமல் ஒரே மாதிரிக் காகிதம் சுற்றி அனுப்பு. மிச்சத் துளியோடு ஒரு நிமிஷம்கூட வைக்காமல் அங்கேயே தொட்டியில் முக்கிக் கழுவச் சொல்லி மற்ற வீடுகளுக்கும் எழுது. எடுத்துக் கொடுக்கும் வேலை இனி உன் அண்ணனுக்கு. அவருக்கு நிறம் தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது. நான் கேன் கழுவும் பக்கம் போய் நின்றுகொள்வேன். தெரிந்துகொள்ள ஆசை இல்லை என்று நினைக்காதே, முன்பைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் தள்ளி நிற்கிறேன்.

நேற்று ராத்திரி நோட்டைத் திறந்தேன். ஊமைச்சி, ஆகஸ்ட் 13, காய்ச்சல் இல்லை, தீனி நன்று, கழிவு சுத்தம், சினை உறுதி. கடைசிக் கட்டம், எதனால். சர்க்கரை மூன்று மாதம் கழித்து வேலை செய்ததா? முதல் ஊசியா, இரண்டாவதா? ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் இந்நேரம் தேறியிருப்பாளா? கோணக்கொம்பைப் பார்த்தால் அதுவும் இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. வழக்கம்போலக் 'கடவுள் சித்தம்' என்று எழுதப்போனேன். 'க' போட்டுவிட்டு நிறுத்தினேன். எனக்குத் தெரியாததையெல்லாம் அவர் தலையில் எழுதிவிட்டு, தெரிந்துவிட்டது போலப் பக்கத்தைத் திருப்புவதுதானே இத்தனை நாள் செய்தது.

'க'வை அடித்துவிட்டேன். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்து நோட்டை மூடியிருக்கிறேன்.

புது பாட்டில் எப்போது வரும்?

உன்
அண்ணி